கரி எங்கிருந்து வரும்?

வரலாற்றுப் புத்தகங்களில் பரங்கிப்பேட்டை பெரும்பாலும் 1781ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் நடந்த போர், அவ்வளவுதான். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து அதே ஊரில் ஓர் இரும்பாலை வந்தது. கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், வேலையை விட்டுவிட்டு 1830இல் தொடங்கியது. ஐரோப்பிய பாணி ஊதுலை வைத்து இந்தியாவில் இரும்பு உருக்க நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று.

இதைத் தனியார் சாகசமாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். ராஜதானிக்குள் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையைக் கம்பெனி அரசு ஹீத்துக்குக் கொடுத்தது. கடனும் கொடுத்தது. காட்டில் மரம் வெட்ட அனுமதி தந்தது. இன்றைய மொழியில் சொன்னால், புதிய தொழிலுக்கான ஊக்கக் கொள்கை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும், இது வேறு எதை நம்பி நிற்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். பரங்கிப்பேட்டை ஆலை இரண்டை நம்பி நின்றது. ஒன்று, சேலம் பக்கத்திலிருந்து ஆற்று வழியே பரிசல்களில் வந்த தாது. இன்னொன்று, மரக்கரி.

இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. ஆக்சிஜனைப் பிரித்தால்தான் இரும்பு. அதைப் பிரிக்கக் கார்பன் வேண்டும். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709லேயே நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியில் இரும்பு உருக்கிக் காட்டிவிட்டார். ஹீத்துக்குப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. அதனால் காடு.

சேலத்துப் பழைய உலைக்காரர்களும் மரக்கரியில்தான் இரும்பு எடுத்தார்கள். ஆனால் அவர்களுடையது சின்ன மண் உலை. தாதும் விறகும் கிடைக்கிற இடத்தில் கட்டிக்கொள்ளலாம். ஊதுலை எழுந்து நடக்காது. அதன் பசிக்குக் காடுதான் அதைத் தேடி வரவேண்டும்.

ஆலை விழுந்ததற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. முதல் போதவில்லை. இங்கிலாந்தின் மலிவான இரும்போடு போட்டி. எடுத்த வார்ப்பிரும்பின் ஒரு பகுதி கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போய் அங்கே எஃகானது. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில், கரி வருஷாவருஷம் தூரம் போய்க்கொண்டே இருந்தது. ஹீத் 1851இல் இறந்தார். 1853இல் புதிய கம்பெனி எடுத்து நடத்தியும் பயனில்லை. 1860களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. காகிதத்தில் பார்த்தால் ஹீத்தின் இரும்பு பசுமை இரும்பு! கரியிலிருந்து போன கார்பன் மரம் காற்றிலிருந்து எடுத்ததுதானே? வெட்டிய வேகத்தில் மரம் வளர்ந்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். வளரவில்லை. ஒரு எரிபொருள் பசுமையா என்பது அது எதிலிருந்து வந்தது என்பதோடு முடிவதில்லை. எந்த வேகத்தில் திரும்பி வருகிறது என்பதும் சேர்ந்ததுதான்.

இப்போது நம் காலம். கார்பனுக்குப் பதில் ஹைட்ரஜனாலும் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கலாம். புகைக்குப் பதில் நீராவி வரும். ஸ்வீடனில் 2021இல் இப்படி இரும்பு எடுத்துக் காட்டினார்கள். இந்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. இலக்கு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். எஃகில் சோதனை முயற்சிகளுக்கு மட்டும் 455 கோடி. தூத்துக்குடி துறைமுகம் ஹைட்ரஜன் மையங்களில் ஒன்றாகத் தேர்வாகியிருக்கிறது.

சும்மா சொல்லக் கூடாது, கம்பெனி அரசு செய்யாத ஒன்றை இந்த அரசு செய்திருக்கிறது. வாங்க ஆள் பிடித்திருக்கிறது. பசுமை அம்மோனியாவை உர ஆலைகள் பத்தாண்டுக்கு வாங்கிக்கொள்ளும்படி ஏலம் நடத்தி, 2025இல் விலையும் முடிவானது. ஹீத்துக்கு இப்படி ஓர் ஒப்பந்தம் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார்.

சரி, கரி எங்கிருந்து வரும்? ஹைட்ரஜனின் கரி மின்சாரம்தான். ஒரு டன் இரும்புக்குக் குறைந்தது 54 கிலோ ஹைட்ரஜன். ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். ஆக டன்னுக்குச் சுமார் 3,000 யூனிட். தேசிய இலக்கு முழுமைக்கும் 1,25,000 மெகாவாட் புதிய காற்றாலையும் சூரிய மின்சாரமும் வேண்டும் என்று அரசே சொல்கிறது.

இதில்தான் எனக்கு உறுத்தல். 2022 பிப்ரவரியில் வந்த கொள்கைப்படி, பகலில் செய்த சூரிய மின்சாரத்தை கிரிட்டில் வரவு வைத்து, 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வரவு கணக்கில்தான், மின்சாரம் எங்கும் தூங்கிக்கொண்டிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆலை இழுக்கும் மின்சாரம், பரங்கிப்பேட்டை இருக்கிற அதே கடலூர் மாவட்டத்து நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் வந்திருக்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான் வரம்பு என்கிறது நம் தரநிலை, அதுவும் பன்னிரண்டு மாத சராசரியில். முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் எடுத்தால் அது 50 கிலோவைத் தொடும்.

ஆரம்பத்திலேயே மணிக்கு மணி கணக்குக் கேட்டால் விலை ஏறும், பிறக்கும் முன்பே தொழில் செத்துவிடும் என்கிறார்கள். நியாயமான வாதம்தான். ஐரோப்பாவும் அதனால்தான் 2029 முடியும்வரை மாதக் கணக்கை அனுமதித்தது. ஆனால் 2030 முதல் மணிக் கணக்கு என்று தேதியையும் சேர்த்தே எழுதிவைத்தது. நமக்கும் அப்படி ஒரு தேதி வேண்டும், ஆலைகள் எழும்பும் முன்பே. கட்டி முடித்த ஆலைக்கு விதியை மாற்றுவது எந்த அரசுக்கும் சுலபமில்லை.

சென்னை ராஜதானியில் ஹியூ கிளெகார்ன் தலைமையில் வனத்துறை வந்தது 1856இல். அதற்குக் காரணங்கள் பல, இரும்பாலை மட்டுமில்லை. ஆனாலும் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: உலை மூட்டியது 1830. காட்டைக் கணக்கெடுக்க ஆள் போட்டது, 26 வருஷம் கழித்து.