வலன்சியாவில் கடைக்குப் போவோருக்கு

ஸ்பெயினின் வலன்சியாவுக்கு விடுமுறையில் போனால் காலையிலேயே மத்திய சந்தைக்குப் போய்விடுங்கள். 1928இல் திறந்த மண்டபம். மீன், இறால், தோடம்பழம் குவிந்திருக்கும். பிற்பகல் 3 மணியோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. உடுப்பு, சப்பாத்துக்குக் கொலோன் வீதி. சின்னக் கடைகள் பல மதியம் பூட்டிவிட்டு மாலையில்தான் திறக்கும்.

கணக்காளன் புத்தி, வரியையும் சொல்லாமல் விடமாட்டேன். உடுப்பு விலைக்குள் 21 வீதம் பெறுமதி சேர் வரி இருக்கிறது. பிரித்தானியா, சுவிஸ், நோர்வே, கனடாவில் வசிப்பவர்கள் அதை மீளக் கேட்கலாம். முன்பிருந்த குறைந்தபட்சத் தொகையையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். பிரான்ஸ், ஜேர்மனியில் வசிப்பவர்களுக்கு இது கிடையாது. எந்த நாட்டுக் குடியுரிமை என்பதல்ல, எங்கே வசிக்கிறோம் என்பதே கணக்கு. ஆகவே கடவுச்சீட்டுடன் வதிவிட அட்டையையும் கொண்டுபோங்கள். கடையிலேயே ‘திவா’ படிவம் கேட்டு வாங்கவேண்டும், வெறும் பற்றுச்சீட்டு உதவாது. விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கமுன் அதைப் பதியுங்கள். நான் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்த்தான் ஏமாந்தேன்.