உறங்கும் விதையை எழுப்புதல்

கல்முனை, சம்மாந்துறை வயல் வட்டைகளில் பெரும்போகத்துக்கான முதலுழவு முடிந்ததும் போடியார்கள் உடனே விதைப்பதில்லை. மழையீரத்திலோ வாய்க்கால் நீரிலோ களை முளைக்கட்டும் என்று சில நாள் நிலத்தை விட்டுவைப்பர். முளைத்தபின் மறுஉழவில் சேற்றோடு புரட்டி அதனை மாய்ப்பர். உறங்கும் விதையை அழித்தல் அரிது. எழுப்பிவிட்டு அழித்தல் எளிது. இவ்வுண்மையை விஞ்ஞானிகள் கண்டடைந்த வரலாறு இலங்கையையும் தொட்டுச் செல்கின்றது.

1869இல் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைகளின்மேல் செம்மஞ்சட் பொடி படியக் காணப்பட்டது. அது ஒரு பங்கசின் வித்தி என்பது விரைவிலேயே தெரிந்தது. 1880இல் இங்கு அனுப்பப்பட்ட இளந் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், அவ்வித்தி இலைமீதுள்ள நீர்த்துளியில் முளைத்து, மெல்லிய குழலை இலைவாயினுள் செலுத்துவதைக் காட்டினார். இலைவாயை எட்டாத குழல் உணவின்றி மடியும். நோயின் வழி விளங்கியது, மருந்தோ கிட்டவில்லை. வார்ட் 1882இல் திரும்பினார். மலைநாட்டில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது.

கோப்பிப் பங்கசின் வித்திக்கு நீர் போதும்; சுடுமல்லி விதைக்கு அது போதாது. தமிழ்நாட்டு உழவர் இப்பெயரால் அழைக்கும் களை, இறுங்கு, சோளன் முதலியவற்றின் வேரைப் பற்றி உறிஞ்சுவது. ஒரு செடி உதிர்க்கும் பல்லாயிரம் நுண்விதைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும்; அருகே ஒரு வேர் வளர்ந்து அதன் கசிவு தீண்டினாலன்றி முளையா. 1956இல் இக்களை அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் கண்டறியப்பட்டது. பத்தாண்டின் பின், 1966இல், குக் என்பாரும் தோழர்களும் விதையை எழுப்பும் ஸ்ட்ரைகோல் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். விந்தை யாதெனில், அவர்கள் அதனைப் பெற்றது பருத்தி வேரிலிருந்து! பருத்தியையோ சுடுமல்லி பற்றுவதேயில்லை. ஆகவே பருத்தி நட்ட நிலத்தில் விதை ஏமாந்து முளைத்து, பற்ற வேரின்றிச் சில நாளில் மாயும். பின்னர் எதிலீன் வாயுவும் இவ்விதையை எழுப்பும் எனக் கண்டு, அதனை மண்ணினுட் செலுத்தினர். வாழைக்குலைக்குப் புகையூட்டிப் பழுக்கவைப்போர் பெயரறியாமலே கையாளும் வாயு இதுவே. போடியாரின் பழைய உத்திதான். நீருக்குப் பதில் வாயு.

பயிர் தன் பகையை அழைக்கும் பொருளை ஏன் கசிய வேண்டும்? 2005இல் அக்கியாமா முதலிய யப்பானிய ஆய்வாளர் விடை கண்டனர். வேரோடு கூடி வாழ்ந்து பொசுபரசைத் தேடித்தரும் நற்பங்கசின் இழைகளைக் கிளைக்கச் செய்வதும் இவ்வகைப் பொருளே. பொசுபரசு குன்றிய மண்ணில் பயிர் இதனை மிகுதியாகக் கசியும். ஆபிரிக்காவில் உரமிட வகையற்ற ஏழை உழவனின் நிலத்தையே சுடுமல்லி இனங்கள் பெரிதும் சூழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். எதிலீன் செலுத்தும் இயந்திரமும் அவனுக்கு எட்டாதது.