அலைச்சறுக்குப் பலகையின் வடிவ அச்சு: ஒரு ஹார்ட்போட் துண்டில் தங்கும் கைவினை

அறுகம்பையில் ஏப்ரல் கடைசியில் தொடங்கும் அலைச்சறுக்குக் காலம் ஒக்டோபர் வரை நீடிக்கும். தென்மேல் பருவக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீச, முனையைச் சுற்றி வரும் அலை ஒழுங்காக எழுந்து வலப்பக்கமாக உடையும். அந்த அலைக்காக வருகிறவர்கள் கொண்டுவரும் பலகைகளும், கரையோரக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் பலகைகளும் அநேகமாகக் கடல்கடந்து வந்தவை. அவை உடைந்தால் ஒட்டிக் கொடுப்பது உள்ளூர் இளைஞர்களின் தொழிலாக இருக்கிறது. உடைந்த பலகையை ஒட்டத் தெரிந்தவருக்கு ரெசினும் கண்ணாடி நாரும் பழக்கம், தேய்ப்பதும் பழக்கம். புதிய பலகை ஒன்றைச் செய்ய அவருக்கு இன்னும் வேண்டியவற்றுள் மிக மலிவானது, பலரும் கடைசியாக யோசிப்பது, வடிவ அச்சு. வெளிநாட்டுக் கைவினையாளர்கள் இதனை டெம்பிளேட் என்பார்கள்.

எமது கரைகளில் கடல் என்றால் தொழில். யுத்த காலத்தில் அது பாஸ் எடுத்து, நேரம் பார்த்து, எல்லை பார்த்து இறங்கிய இடம். 2004 டிசம்பர் 26இற்குப் பின்னர் பலருக்குத் திரும்பிப் பார்க்கவே மனம் வராத இடம். கடலில் விளையாடுவது வசதியுள்ள வெளிநாட்டவரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் பைபர் படகு கட்டவும் திருத்தவும் தெரிந்த கைகள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். ஓடாவியார் ஒருவர் தோணிக்கு வளைவு பார்க்கும் கண்ணும், அலைச்சறுக்குப் பலகைக்கு வளைவு பார்க்கும் கண்ணும் ஒன்றுதான். ஆகவே இந்த வேலை எமக்கு அந்நியமானதல்ல.

வடிவ அச்சு என்பது பலகையின் வெளிக்கோட்டை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் உருவத்தை, மெல்லிய தகட்டில் வெட்டி வைத்திருப்பது. பெரும்பாலும் பாதி உருவம் மட்டுமே வெட்டப்படும். ஒரு பக்கம் நேர்கோடு. அது பலகையின் நடுக்கோடு. மறுபக்கம் மூக்கிலிருந்து வால் வரை ஓடும் வளைவு. இந்தப் பாதியை வைத்து ஒரு பக்கம் வரைந்து, புரட்டி வைத்து மறுபக்கம் வரைந்தால் இரண்டு பக்கமும் ஒத்து வரும். முழு உருவத்தையும் கையால் வரைந்தால் இடதும் வலதும் ஒருபோதும் ஒன்றாக வராது. தையற்காரர் சட்டையின் பாதியைக் கடதாசியில் வெட்டி, மடித்த துணியில் வைத்து வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டு பக்கத்தையும் ஒப்பாக்குவது மட்டும் இதன் பயன் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒரு பலகை நன்றாக ஓடியது என்றால் அதே வெளிக்கோட்டை மறுபடியும் எடுக்க முடிய வேண்டும். சரியாக ஓடவில்லை என்றால் எங்கே மாற்றினோம் என்று தெரிய வேண்டும். பலகை உடைந்து போகும், விற்கப்பட்டுப் போகும், களவும் போகும். அச்சு வீட்டுச் சுவரில் இருக்கும்.

அருங்காட்சியகத்திலிருந்து மீண்ட உருவம்

அலைச்சறுக்கின் தாயகமான ஹவாயில் இந்தக் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய அழிந்துபோனது. வெளியிலிருந்து வந்த நோய்களால் மக்கள்தொகை சரிந்தது; மிஷனரிகளின் காலத்தில் பழைய விளையாட்டுகள் இழிவாகப் பார்க்கப்பட்டன. தலைவர்கள் மட்டும் பாவித்த ஓலோ என்னும் மிக நீண்ட பலகைகளைச் செய்யும் வழக்கம் நின்றுபோனது. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் சில பழைய பலகைகள் எஞ்சியிருந்தன. 1920களில் டொம் பிளேக் என்ற அமெரிக்கர் அவற்றைத் திருத்திப் பேணும் வேலையைச் செய்தார். அவற்றின் உருவத்தை எடுத்துப் புதிய பலகைகளைச் செய்தார். பாரத்தைக் குறைக்க மரத்தில் துளைகள் போட்டு, மேலே மெல்லிய பலகையால் மூடினார். உள்ளே வெறுமையான பலகை இப்படித்தான் பிறந்தது. பின்னர் அதன் வரைபடங்கள் அமெரிக்கக் கைவேலைச் சஞ்சிகைகளில் வெளிவர, கடலோரத்துச் சாதாரண வீடுகளில் ஆட்கள் தாங்களே பலகை செய்யத் தொடங்கினர்.

1958இல் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பொலியூரித்தேன் நுரையால் கட்டை வார்க்கத் தொடங்கிய பின் மரம் பின்தள்ளப்பட்டது. பிறகு கிளார்க்கின் தனி நிறுவனம் அமெரிக்காவின் நுரைக்கட்டை வியாபாரத்தில் பெரும்பகுதியை வைத்திருந்தது. 2005 டிசம்பர் 5ஆம் திகதி அவர் திடீரென அதை மூடினார். பலகை செய்வோர் ஒரே நாளில் மூலப்பொருள் இல்லாமல் நின்றனர். ஆனால் அவர்களுடைய பட்டறைச் சுவர்களில் பல ஆண்டு உழைப்பின் அச்சுகள் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு இடத்து நுரையும், வேறு வகை நுரையும் வந்து சேர்ந்தபோது அதே அச்சுகளை அவற்றின் மேல் வைத்து வேலையைத் தொடர முடிந்தது.

அச்சைச் செய்தல்

முதன்முறை செய்பவர் தானாக உருவம் கற்பனை செய்யாமல், நன்றாக ஓடுவதாகத் தெரிந்த பலகை ஒன்றை அளந்து எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. படிப்பதற்காக அளப்பதில் பிழையில்லை. இத்தொழில் முழுவதும் அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் இன்னொருவரின் உருவத்தை எடுத்து அவருடைய பெயரையும் ஒட்டி விற்பது வேறு கதை.

உலகம் முழுவதும், மீற்றர் பாவிக்கும் நாடுகளிலும்கூட, பலகை அடியிலும் அங்குலத்திலும்தான் அளக்கப்படுகிறது. எமது தச்சர்களுக்கு இது வசதி. நீளம், அதிகூடிய அகலம், மூக்கிலிருந்து 12 அங்குலத்தில் அகலம், வாலிலிருந்து 12 அங்குலத்தில் அகலம் ஆகிய நான்கும் அடிப்படை. பழகுகிறவருக்கு ஏற்ற 8 அடிப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதிகூடிய அகலம் 22 அங்குலம், மூக்குப் பக்கம் 17, வால் பக்கம் பதினைந்தரை என்பன ஒத்துவரும் அளவுகள். அச்சு பாதி என்பதால் இவை முறையே 11, எட்டரை, ஏழே முக்கால் அங்குலமாகும். அதிகூடிய அகலத்தை நடுவிலிருந்து இரண்டு அங்குலம் மூக்குப் பக்கமாக வைக்கலாம். இந்த நான்கு அளவு மட்டும் போதாது. பழைய பலகையை அளப்பதென்றால் ஒவ்வொரு 6 அங்குலத்துக்கும் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகையின் அடிப்பக்கம் தட்டையானதல்ல. மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். நாடாவை அந்த வளைவோடு ஒட்டிப் பிடித்து அளப்பதா, நேராகப் பிடித்து அளப்பதா? 8 அடிப் பலகையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை அங்குலத்துக்கும் குறைவுதான். ஆனாலும் அச்சு பின்னர் நுரையின் வளைவோடு வளைந்துதான் கிடக்கும் என்பதால், அடிப்பக்கத்தோடு ஒட்டி அளப்பதே பொருத்தம். எந்த முறையில் அளந்தீர்கள் என்பதை அச்சிலேயே எழுதிவிடுங்கள்.

அச்சுக்கு 3 மில்லிமீற்றர் ஹார்ட்போட் அல்லது அதே தடிப்புள்ள பிளைவூட் போதும். அதைவிடத் தடித்தால் நுரையின் வளைவுக்கு இணங்காது. முதலில் ஓர் ஓரம் சுத்தமான நேர்கோடாக இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வெட்டிய ஓரத்தை நம்ப வேண்டாம், நூல் பிடித்துப் பாருங்கள். அந்த ஓரத்திலிருந்து அளவுகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் சிறு ஆணி அடியுங்கள். பிறகு முடிச்சில்லாத, நார் நேராக ஓடும் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை ஆணிகளோடு அணைத்து வளைத்து, அதன் ஓரமாகப் பென்சிலால் வரைய வேண்டும். மரச்சட்டம் கிடைக்காவிட்டால் மின்கம்பி பதிக்கும் பிளாஸ்டிக் கேசிங்கும் உதவும். சட்டம் ஓர் ஆணியைத் தொடாமல் விலகி நிற்கிறது என்றால் அந்த அளவில்தான் பிழை. சட்டத்தை நம்புங்கள், ஆணியை நகர்த்துங்கள்.

வரைந்த கோட்டை நின்று பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய், கோட்டின் ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் பார்க்க வேண்டும். தட்டை விழுந்த இடமும் புடைத்த இடமும் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதிகூடிய அகலம் உள்ள இடத்தில் கோடு நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக ஓட வேண்டும். வட்ட மூக்கு என்றால் வளைவு நடுக்கோட்டைச் செங்குத்தாகச் சந்திக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியைப் புரட்டி வரையும்போது நுனியில் ஒரு கூரோ ஒரு பள்ளமோ வந்து நிற்கும்.

கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, மிகுதியை மண்கடதாசியால் கோடு வரை தேய்த்து எடுங்கள். மண்கடதாசியை நீளமான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். சிறு கட்டை பள்ளத்துக்குள் இறங்கி அதை மேலும் பள்ளமாக்கும். நீளக்கட்டை மேட்டை மட்டும் தொடும்.

கணினி வசதி உள்ளவர்களுக்குப் போர்ட்கேட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. உருவத்தை முழு அளவில் கடதாசிகளில் அச்சிட்டு, ஒட்டி, ஹார்ட்போட்டில் பதிக்கலாம். அச்சுப்பொறி அளவைச் சுருக்கிவிட்டதா என்று முதலில் அடிமட்டம் வைத்துச் சரிபார்க்கவும்.

அச்சை வைத்து வெட்டுதல்

நுரைக்கட்டையின் அடிப்பக்கத்தைச் சீவிச் சமப்படுத்திய பின்னரே அச்சு வேலைக்கு வரும். கட்டையின் நடுவில் மரச்சட்டம் ஓடினால் அதுவே நடுக்கோடு. இல்லாவிட்டால் நூல் அடித்துக் கோடு போட வேண்டும். அச்சின் நேர் ஓரத்தை அதில் பொருத்தி, மேலே மணல் பைகளைப் பாரம் வையுங்கள். வரைந்து, புரட்டி, மீண்டும் வரைந்த பின், பல இடங்களில் குறுக்காக முழு அகலத்தையும் அளக்க வேண்டும். இங்கே கழியும் ஐந்து நிமிடம் வீணல்ல. பிறகு கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே வாளைச் செங்குத்தாகப் பிடித்து அறுத்து, கோடு வரை தேய்த்துக்கொள்ளலாம். ஓரம் முழுவதும் மூலைமட்டத்துக்குச் சரியாக வரும்வரை மேற்பக்கத்திலோ விளிம்பின் உருட்டலிலோ கை வைக்க வேண்டாம்.

ஓர் அச்சு ஒரு பலகைக்கு மட்டும் என்றில்லை. ஒன்றின் மூக்கையும் இன்னொன்றின் வாலையும் அதிகூடிய அகலத்தில் இணைத்து மூன்றாவது உருவம் எடுப்பது பட்டறைகளில் அன்றாட வேலை. அச்சை நடுக்கோட்டுக்கு அப்பால் அரை அங்குலம் தள்ளி வைத்தால் பலகை ஓர் அங்குலம் ஒடுங்கும். ஆனால் அப்போது மூக்கும் வாலும் சேர்ந்தே ஒடுங்கும். வட்ட மூக்கு நுனியில் கூராகிவிடும். அந்த இரண்டு இடத்தையும் சட்டம் வளைத்துத் திரும்ப வரைய வேண்டும்.

படகு ரெசின் பற்றி ஓர் எச்சரிக்கை

இது எமது கரையோர வாசகர்களுக்கு மிக அவசியமானது. பைபர் படகுக்குப் பாவிக்கும் வழமையான ரெசின் பொலியெஸ்டர் வகை. அதை ரெஜிபோம் மேல் ஊற்றினால் ரெஜிபோம் கரைந்துவிடும். ரெஜிபோமில் பலகை செய்வதானால் எபொக்சி ரெசின் வேண்டும். பொலியூரித்தேன் நுரைக்குப் பொலியெஸ்டர் ஒத்துவரும். படகுக்குப் போடும் மட்டை அப்படியே பலகைக்குப் போட்டால் ரெசின் அதிகம் குடித்துப் பாரமாகும். பலகைக்கு மெல்லிய நெய்த கண்ணாடி நார்த் துணியே பொருத்தம். சூடான கம்பியால் ரெஜிபோமைக் காற்றோட்டமான இடத்தில் வெட்டலாம். பொலியூரித்தேனை ஒருபோதும் அப்படி வெட்டக்கூடாது, நச்சுவாயு வரும். தேய்க்கும்போது தூசிக்கு ஏற்ற முகக்கவசம் வேண்டும். ரெசின் ஆவிக்குத் தூசிக் கவசம் போதாது, அதற்கென உள்ள வடிகட்டிக் கவசம் வேண்டும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். படகுப் பட்டறைகளில் வெறுங்கையோடும் வெறுமுகத்தோடும் வேலை செய்து பழகியவர்கள் இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடாது.

நுரையும் எபொக்சியும் வாங்க வசதியில்லாதவர் பிளைவூட்டில் படுத்துச் செல்லும் சிறு பலகையோடு தொடங்கலாம். ஹவாயில் இதற்குப் பைப்போ என்று பெயர். இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சிறுவர்களும் முதியவர்களும் மரப்பலகையில் படுத்து அலையில் வந்திருக்கிறார்கள். நீர் தாங்கும் அரை அங்குலப் பிளைவூட், நான்கடி நீளம், இருபது அங்குல அகலம் போதும். ரெசின் வேலை இல்லை. வெட்டி, விளிம்பை உருட்டி, வார்னிஷ் பூசினால் முடிந்தது. வேலையின் பெரும்பகுதி அச்சுதான் என்பதால் பழகுவதற்கு இதைவிட நல்லது கிடையாது. அலையில் இறங்குவதற்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

செய்து முடித்த அச்சின் இரு பக்கமும் ஓரங்களும் வார்னிஷ் குடிக்க வேண்டும். கடற்காற்றில் ஹார்ட்போட்டின் ஓரம் முதலில் ஊதும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். மூக்குப் பக்கத்தில் துளை போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். துடுப்புகள் வரும் இடங்களிலும் சிறு துளைகள் போட்டு வைத்தால் அடுத்தமுறை அளக்கும் வேலை மிச்சம். அழியாத மையால் நீளம், அகலங்கள், திகதி, எந்த நுரையில் யாருக்காகச் செய்தது என்பவற்றை எழுதுங்கள். பலகை ஒரு பருவம் ஓடிய பிறகு, ஓடியவரிடம் கேட்டு, "வால் அகலம் கூடிவிட்டது, திரும்ப மறுக்கிறது" என்பது போன்ற குறிப்பையும் அதே இடத்தில் பென்சிலால் சேர்த்துக்கொள்ளுங்கள்.