இந்தியப் படைகளில் விளிச்சொற்களும் வணக்க முறைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு என ஓர் இயலையே வகுத்துள்ளது. ஒருவரை அழைக்கும் சொல், அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையிலான உறவையும் உணர்த்த வல்லது. அவ்வுறவு விதிகளால் வரையறுக்கப்படும் இடம் படை. இந்தியத் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் வழங்கும் விளிச்சொற்களும் வணக்க முறைகளும் எவ்வழி வந்தன, 1947இல் ஆட்சி மாறியபின் அவற்றுள் நிலைத்தவை எவை, மாறியவை எவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கைவணக்கத்தின் வரலாறு

கையை நெற்றியளவு உயர்த்தும் வணக்கம் பிரித்தானியப் படைகளின் வழி இந்தியாவிற்கு வந்ததாகும். 18ஆம் நூற்றாண்டில் அங்குத் தொப்பியைக் கழற்றி வணங்குவதே மரபாக இருந்தது. 1745இல் கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படையினருக்கு இடப்பட்ட ஆணை, தொப்பியைக் கழற்றாது கையைத் தொப்பியருகே கொண்டுசென்று தலைதாழ்த்தினால் போதும் என்றது. தொப்பியைக் கழற்றும் செயல் இவ்வாறு சுருங்கிக் கையசைவு மட்டும் எஞ்சியது.

இந்தியத் தரைப்படையில் உள்ளங்கை எதிரில் நிற்பவருக்குத் தெரியுமாறு வணக்கம் செய்யப்படுகிறது. கடற்படையிலோ உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும். கீல் பூசிய கயிறுகளைக் கையாண்ட மாலுமிகள் அழுக்கேறிய உள்ளங்கையை மேலதிகாரியிடம் காட்டாது மறைத்தனர் என்பது இதற்குக் கடற்படையினர் கூறும் விளக்கமாகும். 1932இல் தோன்றிய வான்படை நெடுங்காலம் தரைப்படையின் முறையையே பின்பற்றியது. 2006இல்தான் உள்ளங்கையை 45 பாகைச் சாய்வில் வைக்கும் தனி முறையை அது வகுத்துக்கொண்டது.

பதவிப்பெயர்களும் விளியும்

கையசைவு பிரித்தானிய மரபு எனினும், தரைப்படை வீரர்களின் பதவிப்பெயர்களுள் பல இந்நாட்டில் முன்பே வழங்கியவை. சிப்பாய், அவில்தார், சுபேதார் ஆகியன பாரசீக வழியின. நாயக் என்பது வடமொழி வழியது. மொகலாயர் ஆட்சியில் ஒரு மாகாணத்தின் ஆளுநரைக் குறித்த 'சுபேதார்', கும்பினிப் படையில் ஐரோப்பிய அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட இந்தியரின் பதவிப்பெயராயிற்று. சொல் நிலைத்தது; அதன் அதிகாரம் சுருங்கியது. தமிழ் வழக்கிலும் இக்காலச் சுவடுகள் உள்ளன. 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானை மக்கள் வழக்கு 'கம்மந்தான்' எனவும் 'கான்சாகிபு' எனவும் குறிக்கிறது. முன்னது ஐரோப்பியப் பதவிப்பெயர். பின்னது இந்நாட்டு மதிப்புச்சொல்.

'சாகிப்' என்னும் விளி தனித்து நோக்கத்தக்கது. சிப்பாய்கள் ஆங்கில அதிகாரியை 'சாகிப்' என்றனர். ஆங்கில அதிகாரிகள் இந்தியச் சுபேதாரை 'சுபேதார் சாகிப்' என்றனர். எனினும் நரைத்த தலையுடைய சுபேதாரும் புதிதாகப் பணியேற்ற ஆங்கில இளம் அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே. மதிப்பு விளியில் இருந்தது, அதிகாரத்தில் இல்லை. இன்றும் இளநிலை ஆணை அதிகாரிகளை 'சாகிப்' என விளிப்பது தரைப்படை மரபாக உள்ளது.

கடற்படையிலும் வான்படையிலும் அதிகாரிகளின் பதவிப்பெயர்கள் ஆங்கில மரபினவே. ஒரே பெயர் இரு படைகளில் இருவேறு நிலைகளைக் குறிப்பதும் உண்டு. தரைப்படையின் கேப்டன் கடற்படையின் லெப்டினென்டுக்கு இணையானவர். கடற்படையின் கேப்டனோ தரைப்படையின் கர்னலுக்கு இணையானவர்.

விளி மதிப்பிழந்தபோது நேர்ந்த விளைவை 1946 பிப்ரவரி 18இல் பம்பாய்த் 'தல்வார்' தளத்தில் தொடங்கிய கடற்படை எழுச்சி காட்டுகிறது. தரமற்ற உணவு, ஊதிய வேறுபாடு ஆகியவற்றோடு, கட்டளை அதிகாரி இந்திய மாலுமிகளை இழிசொற்களால் அழைத்ததும் அவ்வெழுச்சிக்குக் காரணமாயிற்று.

ஜெய்ஹிந்த்

பிரித்தானிய இந்தியப் படையில் சமய, இன அடிப்படையில் அமைந்த பிரிவுகளில் 'ராம் ராம்', 'சத் ஸ்ரீ அகால்', 'சலாம்' எனப் பல வாழ்த்துகள் வழங்கின. இவற்றைக் கடந்த பொதுவான வாழ்த்தாக நேதாஜி சுபாஷ் சந்திரபோஸின் இயக்கம் 'ஜெய்ஹிந்த்' என்பதை மேற்கொண்டது. இச்சொல்லை உருவாக்கியவராக அவருடைய துணைவர் ஆபித் ஹசன் குறிக்கப்படுகிறார். மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர் இவ்வாழ்த்தைத் தமதாக்கிக் கொண்டனர். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்ற சென்னையைச் சேர்ந்த லட்சுமி, 2012இல் மறையும்வரை 'கேப்டன் லட்சுமி' என்றே அழைக்கப்பட்டார். அரசு ஏற்காத ஒரு படைப்பதவியை மக்கள் தம் விளியால் நிலைநிறுத்தினர் எனலாம்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணையில் இப்படையின் அதிகாரிகள் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர். விடுதலைக்குப் பின்னும் இப்படையினர் இந்தியத் தரைப்படையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. ஆயின் அவர்களுடைய 'ஜெய்ஹிந்த்' மட்டும் அப்படையின் வாழ்த்தாயிற்று. வீரர்களுக்கு மூடப்பட்ட வாயில் அவர்தம் சொல்லுக்குத் திறந்தது.

முடிவுரை

1950 சனவரி 26இல் இந்தியா குடியரசானபோது கடற்படை, வான்படைப் பெயர்களிலிருந்து 'அரச' என்னும் அடைமொழி நீங்கியது. படைச் சின்னங்களில் முடியுரு இருந்த இடத்தில் அசோகரின் சிங்கங்கள் அமைந்தன. கையசைவு பெரிதும் மாறவில்லை. பதவிப்பெயர்களுள் ஜமேதார் என்பது 1965இல் நாயிப் சுபேதார் எனப் பெயர்மாற்றம் பெற்றது. எனவே, இன்று ஒரு வீரர் கையுயர்த்தி 'ஜெய்ஹிந்த், சாகிப்' என்னும்போது, பிரித்தானியரின் அசைவும், அவர்க்கு முற்பட்ட ஆட்சிகளில் வழங்கிய மதிப்புச்சொல்லும், அவரை எதிர்த்தோரின் வாழ்த்தும் ஒருங்கே வெளிப்படுகின்றன. போர்களையும் தளபதிகளையும் முதன்மைப்படுத்தும் படை வரலாற்றில், இத்தகைய சிறு சொற்களும் சான்றுகளாகக் கொள்ளத்தக்கன.