உடற்பருமன் நோய்க் குறியீடுகளின் வரலாறு

உடற்பருமன் நோய்க் குறியீடு என்பது, உடலில் கொழுப்பு அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்த நிலையை மருத்துவப் பதிவேடுகளில் எழுத்தும் எண்ணும் கொண்டு குறிக்கும் முறையாகும். நோய்களைக் கணக்கெடுக்கவும், சில நாடுகளில் காப்பீட்டுத் தொகை வழங்கவும் இது பயன்படுகிறது.

தோற்றம்

1893ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன், இறப்புக் காரணங்களுக்கான பன்னாட்டுப் பட்டியலைத் தொகுத்தளித்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அப்பட்டியலின் பொறுப்பை ஏற்றது. அப்போது வந்த ஆறாம் திருத்தத்தில், உயிரோடிருப்போரின் நோய்களும் சேர்க்கப்பட்டன. உடற்பருமனும் அதில் இடம்பெற்றது.

அளவுகோல்

பெரியவர்களின் எடை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது என்று 1832இல் பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடால்ப் கெட்லே கண்டார். அவர் தேடியது சராசரி மனிதனை, நோயை அன்று. 1972இல் ஆன்செல் கீஸ் இக்கணக்கிற்கு உடல் நிறைச் சுட்டெண் என்று பெயரிட்டார். 1.60 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ளவரின் சுட்டெண் 31.25 ஆகும்.

காரணமும் கடுமையும்

1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் உடற்பருமனின் குறியீடு 'ஈ 66'. அதன் முதல் உட்பிரிவு 'மிகுதியான கலோரியால் வந்த உடற்பருமன்' என்பதாகும். இப்பெயர், நோயின் பொறுப்பை நோயாளியின் தட்டின்மீதே வைத்தது. பரம்பரை, உறக்கம், வறுமை போன்றவற்றுக்கு அதில் இடமில்லை.

2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் உடற்பருமனை ஒரு நோயாக ஏற்றது. 2024 அக்டோபர் 1 முதல் அந்நாட்டில் மூன்று புதிய குறியீடுகள் நடைமுறைக்கு வந்தன. இவை காரணத்தைக் கூறாமல், கடுமையை மட்டும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு எனக் குறிக்கின்றன. எனினும் பழைய குறியீடுகளில் பெரும்பாலானவை நீக்கப்படவில்லை. சுட்டெண்ணுக்கெனத் தனிக் குறியீடு இருந்தாலும், மருத்துவர் நோயின் பெயரை எழுதாமல் அதனை மட்டும் பதிய முடியாது.

எல்லைக்கோடு

உலக அளவில் சுட்டெண் 30ஐ எட்டினால் உடற்பருமன் எனப்படுகிறது. ஆசியர்களுக்கு அதனினும் குறைந்த சுட்டெண்ணிலேயே நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் ஆபத்து கூடுவதை 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சுட்டிக்காட்டியது. 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 25ஐயே எல்லையாகப் பரிந்துரைத்தனர். எனவே, சுட்டெண் 26 உள்ள ஒருவர் இந்திய அளவுகோலின்படி உடற்பருமன் நோயாளி. உலக அளவுகோலின்படி சற்று எடை மிகுந்தவர் மட்டுமே. ஒரே உடலுக்கு எந்தக் குறியீடு பொருந்தும் என்பதை, எந்த எல்லைக்கோடு பின்பற்றப்படுகிறது என்பதே முடிவு செய்கிறது.