ஓசையை வெப்பம்போல் அளந்தவர்கள்

1967 நவம்பர் 9 அன்று புளோரிடாவில் சாட்டர்ன்-5 ராக்கெட் முதன்முறையாக விண்ணுக்குக் கிளம்பியது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தள்ளி, சிபிஎஸ் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு அறையில் வால்டர் குரோன்கைட் நேரலையில் இருந்தார். உட்கூரைத் தகடுகள் பெயர்ந்து விழுந்தன. அதிர்ந்த சன்னல் கண்ணாடியை அவர் கையால் தாங்கிக்கொண்டே பேசினார். அத்தனை தொலைவிலேயே இந்த நிலை என்றால், ராக்கெட்டுக்குள் பொருத்திய நுண்கருவிகள் எந்த அளவு அதிர்வைத் தாங்க வேண்டும்? இதுபோன்ற கேள்விகளிலிருந்து வளர்ந்ததே 'புள்ளியியல் ஆற்றல் பகுப்பாய்வு'. அது உருவாகி வளர்ந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

எந்தப் பொருளுக்கும் தனக்கென இயல்பு அதிர்வெண்கள் உண்டு; அவை ஒவ்வொன்றிலும் பொருள் அதிரும் விதமே 'அதிர்வுப் பாங்கு'. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அலுமினியத் தகட்டுக்கு 2,000 ஹெர்ட்ஸுக்குள் அவை 600-ஐத் தாண்டும். சாட்டர்ன் ராக்கெட்டுக்கு அதே வரம்பில் சுமார் 5 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. அத்தனையையும் தனித்தனியே கணக்கிட அன்றைய கணினிகளுக்குத் திறன் இல்லை.

திறன் இருந்தாலும் விடையை நம்ப முடியாது. பர்டூ பல்கலைக்கழகத்தின் கொம்பெல்லாவும் பெர்ன்ஹார்டும் ஒரே வரைபடத்தில், ஒரே ஆலையில் உருவான ஏறத்தாழ 100 கார்களை அளந்து 1993-இல் முடிவை வெளியிட்டனர். ஒரே அளவு விசைக்கு ஒவ்வொரு காரின் உள்ளேயும் எழுந்த ஒலி கணிசமாக வேறுபட்டது. பற்றவைப்பிலும் தகட்டின் தடிமனிலும் நேரும் சிறு மாறுதல்கள்கூட உயர் அதிர்வெண்களில் விடையைப் புரட்டிவிடும்.

வழி காட்டியது கட்டட ஒலியியல். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அறையில் ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை முழங்கியது. அதைச் சீராக்கும் பொறுப்பை ஏற்ற இளம் இயற்பியலாளர் வாலஸ் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழலும் நிறுத்துகடிகாரமுமாக அளந்தார். ஒலி அலை எங்கெங்கே மோதித் திரும்புகிறது என்பதை அவர் தொடரவில்லை. அறையின் கன அளவும் மொத்த உறிஞ்சுதிறனும் தெரிந்தால் எதிர்முழக்க நேரத்தைச் சொல்லிவிடலாம் என்று கண்டார். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்தக் கணக்கின்படி வடிவமைக்கப்பட்டது.

அறைக்கு நடந்தது இயந்திரத்துக்கு நடக்க அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. 1959 வாக்கில் ஒலியியல் ஆய்வாளர்கள் ரிச்சர்டு லயனும் பிரெஸ்டன் ஸ்மித்தும் தனித்தனியே இரு முடிவுகளை எட்டினர். மெலிதாக இணைந்த இரு அலையியற்றிகளிடையே ஆற்றல் மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கே பாய்கிறது என்றும், பாயும் அளவு அவற்றின் ஆற்றல் வேறுபாட்டைப் பொறுத்தது என்றும் லயன் கண்டார். ஒலியால் தூண்டப்படும் பொருளின் அதிர்வு ஓர் எல்லைக்குமேல் ஏறாது என்று ஸ்மித் கண்டார். பொருளின் ஆற்றலும் ஒலிப்புலத்தின் ஒவ்வோர் அதிர்வுப் பாங்குக்குரிய சராசரி ஆற்றலும் சமமாகும் இடமே அந்த எல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெப்பத்தின் விதி தெரியும்: பாங்கு ஒன்றுக்கான ஆற்றல் இங்கே வெப்பநிலையின் இடத்தில் நிற்கிறது. 1962-இல் லயனும் கிதியோன் மைதானிக்கும் இணைந்து எழுதிய கட்டுரையும், ஸ்மித்தின் தனிக் கட்டுரையும் அமெரிக்க ஒலியியல் கழக இதழில் வெளிவந்தன. லயனின் நூல் 1975-இல் வந்தது.

இப்படிப் பிறந்த புள்ளியியல் ஆற்றல் பகுப்பாய்வின் செய்முறை வரவு செலவுக் கணக்குப் போன்றது. காரின் தரைத்தகடு, கண்ணாடி, உள்ளே அடைபட்ட காற்று என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு சமன்பாடு. உள்ளே வந்த ஆற்றல் ஒன்று தணிப்பில் வெப்பமாகிக் கரைய வேண்டும், அல்லது பக்கத்துப் பகுதிக்குப் போக வேண்டும். லட்சக்கணக்கான அதிர்வெண்களுக்குப் பதில் சில பத்துச் சமன்பாடுகள் போதும்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. விடை பகுதி முழுவதன் சராசரி. தகட்டின் எந்த மூலையில் அதிர்வு மிகும் என்று தெரியாது. அதைத் தீர்க்க வெப்ப ஒப்புமையையே மேலும் நீட்டினர். 1977-இல் சோவியத் ஆய்வாளர்கள் பெலோவ், ரிபாக், தர்தகோவ்ஸ்கி ஆகியோரும், 1980-களின் இறுதியில் நெஃப்ஸ்கே, சங் இருவரும் ஒரு பகுதிக்குள்ளேயே ஆற்றல் வெப்பம்போல் பரவுவதாகச் சமன்பாடு அமைத்தனர். தகடுகளில் இந்த ஒப்புமை முழுதும் பொருந்தாது என்று ராபின் லாங்லி 1995-இல் காட்டினார்.

அதிர்வுப் பாங்குகள் குறைவாக இருக்கும் தாழ் அதிர்வெண்களில் சராசரிக்கே பொருளில்லை. அங்கே பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை வேண்டும். ஆனால் காரின் சட்டகம் விறைப்பானது. அதன்மேல் போர்த்திய தகடுகள் மெல்லியவை. ஒரே அதிர்வெண்ணில் சட்டகத்துக்கு ஒரு முறையும் தகட்டுக்கு மற்றொரு முறையும் தேவைப்பட்டன. பில் ஷார்ட்டருடன் சேர்ந்து அதே லாங்லி 2005-இல் வெளியிட்ட கலப்பு முறை இரண்டையும் ஒரே கணக்கில் இணைத்தது.

ஃபாக் அறை மெத்தைகளிலிருந்து இன்றைய ராக்கெட் வரை வந்த முன்னேற்றம், எந்த விவரத்தை விடலாம் என்று துணிந்து தேர்ந்ததால் கிடைத்தது. இன்று இம்முறை மென்பொருளாகக் கைக்கு வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் இளம் பொறியாளர்கள், தாங்கள் எடுத்துக்கொண்ட அதிர்வெண் பட்டையில் போதிய அதிர்வுப் பாங்குகள் உள்ளனவா, பகுதிகளின் பிணைப்பு மெலிதானதா என்ற இரண்டையும் முதலில் சரிபார்க்க வேண்டும்.