பெண்டஹாரா துன் முத்தாஹிர்: ஒரு குடியின் உயர்வும் வீழ்வும்

மலாயாத் தமிழர் வரலாறு என்றவுடன் ரப்பர்த் தோட்டங்களே பலர் நினைவுக்கு வரும். செலண்டார் முதலிய மலாக்கா மாநிலத்து ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் தோட்ட வேலைக்கென வந்தவரே. ஆயினும், ரப்பர் மரம் இம்மண்ணில் வேர் ஊன்றுவதற்கு நானூறு ஆண்டுகட்கு முன்னரே, தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த ஒரு குடி மலாக்கா அரசில் சுல்தானுக்கு அடுத்த நிலையை எய்தியிருந்தது. அக்குடியில் தோன்றி 1500-ஆம் ஆண்டில் முதலமைச்சரானவர் துன் முத்தாஹிர். பத்தாண்டு சென்றபின் அரசன் ஆணையாலேயே அவர் கொல்லப்பட்டார். அவரை உயர்த்திய காரணங்கள் எவையோ, அவையே அவரை வீழ்த்தவும் செய்தன என்பது அவர் வரலாற்றை ஆராய்வார்க்குப் புலனாகும்.

மலாக்கா அரசின் பெரும் பதவிகள் நான்கு. அரசனுக்கு அடுத்தவர் பெண்டஹாரா எனும் முதலமைச்சர். கருவூலத்தைக் காப்பவர் பெங்ஹுலு பெண்டஹாரி. நகர்க்காவலை நடத்துபவர் தெமெங்கோங். கடற்படைக்குத் தலைவர் லக்சமணா. இவர்களின்கீழ்ச் சாபந்தர் எனப்படும் துறைமுகத் தலைவர் நால்வர் இருந்தனர். குஜராத்தி வணிகர்க்கு ஒருவர்; தமிழகக் கரையினர், வங்காளத்தார், பெகு நாட்டார், பாசையினர் ஆகியோர்க்கு ஒருவர்; சாவகம் முதலிய தீவினர்க்கு ஒருவர்; சீனம், சம்பா முதலிய நாட்டினர்க்கு ஒருவர். அந்நகரில் எண்பத்து நான்கு மொழிகள் வழங்கின என்று போர்த்துகீசியரான தோமே பிரேஸ் எழுதியுள்ளார். கப்பல்கள் தந்த சுங்கமே அரசின் உயிர்நாடி. ஆதலின் வணிகரின் நம்பிக்கையைப் பெற்றவர் எவரோ அவர் கையில் அரசின் செல்வம் இருந்தது.

இக்குடியின் முதல்வர் மணி புரிந்தான் என்பவர். மலாய் நூல்கள் 'கெலிங்' என வழங்கும் தென்னிந்தியக் கரையில் பஹிலி என்னும் ஊரினின்று வந்தவர் என்று 'செஜாரா மெலாயு' கூறுகிறது. ஆராய்ச்சியாளர் பலர் இவரைத் தமிழ் முஸ்லிம் என்றே கொள்வர். மலாக்காவின் உயர்குடிப் பெண்ணை மணந்த அவருக்குத் துன் அலி என்ற மகனும் துன் வாத்தி என்ற மகளும் பிறந்தனர். துன் வாத்தியைச் சுல்தான் முகம்மது ஷா மணந்தார். அவர்கட்குப் பிறந்தவர் இராஜா காசிம். இவ்வாறு, வந்து குடியேறியவரின் மகனான துன் அலி அரசகுமாரனுக்குத் தாய்மாமன் ஆனார்.

தாய்மாமன் உறவு எத்துணை வலிமை உடையது என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தந்தை இறந்தபின் அரியணை காசிமுக்குக் கிட்டவில்லை; ரோக்கான் நாட்டு இளவரசியின் மகனான இளையவருக்கே சென்றது. அரண்மனையினின்று நீக்கப்பட்ட காசிம் செம்படவரோடு கடலில் வாழ்ந்தார் என்பர். 1446-ஆம் ஆண்டளவில் துன் அலியின் துணையோடு அவர் அரண்மனையைத் தாக்கினார். அக்குழப்பத்தில் இளஞ்சுல்தான் ரோக்கான் மன்னன் கையால் மடிந்தார். காசிம் முசாபர் ஷா என்ற பெயருடன் முடி சூடினார். பின்னர் துன் அலியே பெண்டஹாராவும் ஆனார்.

ஆயினும் அப்பதவி நெடுநாள் நிலைக்கவில்லை. சயாமியர் படையெடுத்து வந்தபோது கிள்ளானிலிருந்து வீரரைத் திரட்டி வந்த துன் பேராக்கின் புகழ் உயர்ந்தது. இருவரைச் சார்ந்தவரும் இரு கட்சியாகப் பிரிந்தனர். பூசலைத் தவிர்க்க விரும்பிய துன் அலி பதவியைத் துறந்து கருவூலத் தலைமையோடு அமைந்தார். துன் பேராக்கின் உடன்பிறந்தாள் துன் குடுவை, சுல்தானின் மனைவியாக இருந்தவரை, சுல்தான் மணவிலக்குச் செய்து துன் அலிக்குத் தந்தார். 1456-இல் துன் பேராக் பெண்டஹாரா ஆனார். பகைமையைத் தீர்ப்பதற்கென நிகழ்ந்த அத்திருமணத்தில் தோன்றிய மகனே துன் முத்தாஹிர்.

மலாக்காவின் பெருமையை வளர்த்த துன் பேராக் 1498-இல் மறைந்தார். அவர் தம்பி துன் பெர்பாத்தே பூத்தே சிறிது காலம் அப்பதவியில் இருந்தார். அவருக்குப்பின் 1500-இல் துன் முத்தாஹிர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது ஆண்ட சுல்தான் மஹ்முது ஷாவின் தாய், துன் அலியின் மகள்; முத்தாஹிரின் உடன்பிறந்தாள். தகுதி வாய்ந்த பலர் நிற்க, தம் உடன்பிறந்தாரையே அமர்த்துமாறு அவ்வரசமாதா மகனிடம் உரைத்தார் என்பது செஜாரா மெலாயு தரும் செய்தி. தந்தையைப் போலவே மகனும் ஒரு சுல்தானுக்குத் தாய்மாமனாக நின்றே தலைமை எய்தினார்.

முத்தாஹிர் நீதிமுறையில் வல்லவர். அயல்நாட்டு வணிகரைப் பரிவுடன் காத்தவர். மலாக்காவுக்குப் புறப்படும் கப்பலோர் நங்கூரம் எடுக்கும்போது, அந்நகரின் வாழைப்பழத்தையும் புக்கிட் சீனாவின் நீரையும் சொல்லி, அவற்றோடு இவர் பெயரையும் வாழ்த்தினர் என்று அந்நூல் கூறுகிறது. செல்வம் பெருகியது, அதன் பகட்டும் பெருகியது. ஒரே நாளில் ஆறேழு முறை உடை மாற்றி, ஆளுயரக் கண்ணாடிமுன் நின்று அழகு பார்ப்பாராம்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் பெண்டஹாரா, அவர் தமையன் துன் தாஹிர் கருவூலத் தலைவர், அவர் மகன் துன் ஹசான் தெமெங்கோங். நான்கு பெரும் பதவிகளுள் மூன்று ஒரே வீட்டில் இருந்தன. அவ்வீட்டிற்குப் புறம்பாக நின்றது லக்சமணா பதவி ஒன்றே. அழிவும் அவ்வாயில் வழியாகவே வந்தது.

சாபந்தராக இருந்த இராஜா மெண்டலியாருக்கும் வணிகர் தலைவரான நைனா சூர தேவனுக்கும் வழக்கு மூண்டது. மெண்டலியார் என்பது முதலியார் என்பதன் திரிபு எனக் கருதுவர். தீர்ப்பு வழங்க வேண்டியவர் பெண்டஹாரா. நைனா சூர தேவன் இரவில் சென்று அவருக்குப் பொன் கொடுத்தார். இதனைக் கித்துல் என்பவன் மெண்டலியாரிடம் கூறித் தன் கடன் நீங்கப் பெற்றான். அஞ்சிய மெண்டலியார் லக்சமணாவாகிய கோஜா ஹசானிடம் பெரும்பொருளுடன் சென்றார். பெண்டஹாரா அரியணையைக் கவர முயல்கிறார் என்ற சொல் சுல்தானின் செவிக்கு எட்டியது. முத்தாஹிர் தம் மகள் துன் பாத்திமாவைத் தமக்குக் காட்டாமல் வேறொருவருக்கு மணம் முடித்தார் என்ற மனக்குறை சுல்தானுக்கு முன்னரே இருந்தது. ஆதலின் ஆராய்ச்சியின்றியே ஆணை பிறந்தது.

சுல்தானின் ஏவலர் கிரிஸுடன் வந்தனர். மகன் ஹசான் எதிர்த்துப் போரிட முனைந்தார், தந்தை தடுத்தார். மன்னனுக்கு இரண்டகம் செய்தல் தம் குடிக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை. 1510-ஆம் ஆண்டில் அவரும், தமையனும், மகனும், மருமகனும் மாண்டனர். பின்னர்க் குற்றச்சாட்டுப் பொய் எனத் தெரிந்தது. மெண்டலியாரும் கித்துலும் கொல்லப்பட்டனர். லக்சமணா பதவி இழந்தார். கணவனையும் தந்தையையும் இழந்த பாத்திமாவைச் சுல்தான் மணந்தார். அவர் அதன்பின் சிரித்ததே இல்லை என்பர்.

இத்தகைய முடிவு மலாக்காவுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காத்லாந்தில் டக்ளஸ் குடியினரும் அரசகுடும்பத்தோடு மணவுறவு கொண்டு, நிலங்களைச் சேர்த்து, மன்னனுக்கு நிகராக வளர்ந்தனர். அக்குடியின் எட்டாம் பிரபுவான வில்லியத்தை, பாதுகாப்புறுதி தந்து ஸ்டெர்லிங் கோட்டைக்கு அழைத்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னன், 1452 பெப்ரவரி 22-இல் தன் கையாலேயே குத்தினான். ஆயினும் வேறுபாடு பெரிது. டக்ளஸ் குடியினர் பின்னர் வாளெடுத்துப் போரிட்டு 1455-இல் தம் உரிமைகளை இழந்தனர். முத்தாஹிர் குடியினரோ வாளை உறையினின்று எடுக்கவில்லை. அரசனைச் சார்ந்து வாழ்வார் நெருப்பில் குளிர்காய்வாரைப் போல இடைவெளி அறிந்து நிற்க வேண்டும் என்றார் திருவள்ளுவர். தாய்மாமனாகிய ஒருவர் எங்ஙனம் விலகி நிற்பார்? உறவே பதவி தந்தது. அவ்வுறவே விலக ஒட்டாமல் தடுத்தது.

செஜாரா மெலாயுவை 1612-இல் உருவாக்கிய துன் ஸ்ரீ லானாங் இக்குடியின் வழித்தோன்றலே. ஆதலின், குற்றமற்றவராக முன்னோரைக் காட்டும் விருப்பம் அந்நூலில் இருத்தல் இயல்பு. எனினும், இரவில் பெற்ற பொன்னையும் பகட்டையும் அவர் மறைக்கவில்லை என்பது போற்றத்தக்கது. முத்தாஹிரின் ஆற்றலுக்கும் கொலைக்கும் போர்த்துகீசியர் எழுத்துகளும் சான்று பகர்கின்றன.

அக்கொலையின் விளைவு ஒரு வீட்டோடு நிற்கவில்லை. 1509 செப்டம்பரில் செகெய்ரா தலைமையில் போர்த்துகீசியக் கப்பல்கள் முதன்முறை மலாக்காவுக்கு வந்து, சிலரைச் சிறையில் விட்டு ஓடியிருந்தன. அவர்கள் திரும்பி வருவது உறுதி என்ற நிலையில் அரசு தன் மூத்த தலைவரைத் தானே அழித்துக்கொண்டது. முதுமையால் தளர்ந்த துன் தெப்போக் அப்பதவியில் அமர்த்தப்பட்டார். வணிகர் மனமும் பிளவுபட்டிருந்தது; சிறைப்பட்ட போர்த்துகீசியர்க்கு நைனா சாத்து என்னும் இந்து வணிகர் உதவினார். 1511 ஆகஸ்டில் அல்புகர்க் நகரைக் கைப்பற்றினார். பீரங்கியின் வலிமை பெரிதே. எனினும், தன் தூண்களைத் தானே வெட்டிய மாளிகையை வீழ்த்துதல் பகைவர்க்கு எளிதாயிற்று.

மணி புரிந்தான் கரையேறிய காலம் முதல் முத்தாஹிர் மறைந்த நாள் வரை கடந்தவை மூன்று தலைமுறைகளே. அதற்குள் அயலவராய் வந்தோர் மலாய்ப் பெருங்குடியாகிவிட்டனர். ஏற்றத்திலும் தமிழகத் தொடர்புடையோர் இருந்தனர். வீழ்ச்சிக்குக் காரணமான வழக்கிலும் அவர்களே இருந்தனர். பெருமைக்குரிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுத்தல் வரலாறாகாது. இரண்டையும் சேர்த்து மாணவர்க்கு உணர்த்துவதே இக்குடியின் கதையைக் கற்பதன் பயன்.